எல்லைப் பாட்டுக்கு ஒப்பாரி மெட்டு ஆகுமா?

மே 19, இரவு 9.10 · கரையோரன்

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூணு வாரத்துக்கு மேல இருக்கு. படகெல்லாம் கரையில. அதுக்குள்ள தங்கச்சிமடம், பாம்பன் பிள்ளைகளை வைத்து எல்லை, பிரிவினை, அகதி வாழ்வு பற்றி ஒரு போராட்டப் பாட்டு நிகழ்ச்சி போடலாம்னு பேச்சு. என் கட்சி இதுதான்: நம்ம கரைக்கு ஒப்பாரியை விட்டா வேற மெட்டு கிடையாது. 1964 புயல், 74 கச்சத்தீவு ஒப்பந்தம், 83 இலங்கைக் கலவரம், சிறையில கிடக்கிற மீனவன், எல்லாமே இழப்பு. இழப்புக்கு ஒப்பாரி. மறுக்கிறவங்க காரணத்தோடு மறுங்க.

மே 19, இரவு 10.25 · தப்படி

மறுக்கிறேன். உயிரோட இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி வைக்கிற வழக்கம் எந்த ஊர்லய்யா இருக்கு? யாழ்ப்பாணம் சிறையில இருக்கிறவன் பொண்டாட்டி முன்னாடி ஒப்பாரி மெட்டு எடுத்துப் பாருங்க, மைக்கைப் பிடுங்கிடுவாங்க. சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வாயெடுக்கவே ஆத்தாமார் சம்மதிக்க மாட்டாங்க. பதிவு பண்ணப் போறவங்களை ஊருக்கு வெளியில கூட்டிட்டுப் போய்தான் பாடிக் காட்டுவாங்க. கடலுக்குப் போன ஆள் வீடுன்னா இன்னும் கண்டிப்பு.

மே 20, காலை 6.40 · தப்படி

ராத்திரி சொன்னதோட இன்னொன்னு. மெட்டுலயும் சிக்கல் இருக்கு. ஒப்பாரிக்குத் தாளம் கட்டு கிடையாது. பாடுறவ மூச்சுக்குத் தக்க அடி நீளும், குறுகும். பக்கத்துல உட்கார்ந்து தோள் பிடிச்சவங்களுக்கு அது வசதி. முந்நூறு பேர் கூட்டத்துல யாருக்கும் எங்க சேர்ந்து பாடுறதுன்னு பிடிபடாது. கூட்டம் வேடிக்கை பார்க்கும், பாடாது.

மே 20, காலை 11.05 · லயத்துப் பேத்தி (கோத்தகிரி)

ஒப்பாரியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். ஒரு ஈரடி வரும்; அடுத்த ஈரடி அதே அச்சில் ஒரே ஒரு சொல் மாறி வரும். தங்கம் என்ற இடத்தில் வெள்ளி, வாசல் என்ற இடத்தில் திண்ணை. அதனால் ஒருமுறை கேட்டவர் இரண்டாம் முறை கூடவே முணுமுணுப்பார். போராட்டப் பாட்டுக்கு இதைவிட நல்ல அச்சு கிடைக்காது. அச்சை எடுத்துக்கொள்ளுங்கள், இழுவையை விட்டுவிடுங்கள்.

ஒப்பாரியில் வசையும் உண்டு. சொத்தைப் பிரித்துக் கொடுக்காத மச்சினன், எட்டிப் பார்க்காத அண்ணன், எல்லோரும் அதில் வாங்குவார்கள். ஆனால் பாட்டு பேசுவது செத்தவரோடு. அழுகை போராட்டமாக வேண்டுமானால் முகவரி மாற வேண்டும். யாரைப் பார்த்துக் கேட்கிறோம்? கலெக்டரையா, கொழும்பையா, டெல்லியையா, படகு முதலாளியையா? அது தெரியாமல் எழுதிய எல்லைப் பாட்டெல்லாம் காற்றில் விட்ட கடுதாசிதான்.

மே 20, பிற்பகல் 2.30 · கரையோரன்

சரி, கைவசம் இருக்கிறதைப் போடுறேன்:

எல்லைக் கோடே எல்லைக் கோடே
எங்களைப் பிரித்த எல்லைக் கோடே
அண்ணன் அங்கே தம்பி இங்கே
அழுது நிற்கும் எல்லைக் கோடே

மே 20, பிற்பகல் 2.41 · தப்படி

கோட்டுக்குக் காது இருக்கா தம்பி?

மே 20, மாலை 4.15 · சோழகம்

கிண்டலை விட்டுட்டு வழி சொல்லுவோம். கரைவலை இழுக்கிறப்ப பாடுற அம்பாவை எடுங்க. முன்பாட்டுக்காரர் ஒரு அடி, வலை இழுக்கிறவங்க பதில். இழுப்பு விழுவது பதிலில்தான், முன்பாட்டில் இல்லை. முன்பாட்டு நேரத்துல கை கயிறு மாத்தும். அதனால முன்பாட்டு ஒரு மூச்சுக்கு மேல போகக்கூடாது. போனா இழுப்பு தவறும். சின்ன அடி, அதைவிடச் சின்ன பதில், அதுதான் கணக்கு.

நீங்க கோரிக்கையை எங்க வைக்கிறீங்க? முன்பாட்டுல வைக்காதீங்க, அது ஒரு ஆள் குரல். பதிலில் வைங்க. "ஏலேலோ" இருந்த இடத்துல கோரிக்கை வந்து உட்காரணும். இப்படி:

கச்சான் அடிச்சா அங்க தள்ளும் — ஆளை விடு
வாடை அடிச்சா இங்க தள்ளும் — படகை விடு
என்ஜின் நின்னா எல்லை தெரியுமா — ஆளை விடு
இருட்டுல கடலு பேரு சொல்லுமா — படகை விடு

மே 20, மாலை 4.50 · தப்படி

இது பாட்டு. காத்துத் திசையும் சரியா இருக்கு: கச்சான் தென்மேற்கு, ராமேஸ்வரத்துல இருந்து கச்சத்தீவு, நெடுந்தீவு பக்கம்தான் தள்ளும். பல பேர் பாட்டுல வாடைக்காத்து நம்ம ஆளை இலங்கைக்குக் கொண்டுபோகும். வாடை வடகிழக்கு, அது அவங்க ஆளைத்தான் இங்க கொண்டாரும். கடல்காரன் காதுல இந்தத் தப்பு விழுந்தா மிச்சப் பாட்டை நம்ப மாட்டான்.

மே 21, காலை 7.20 · கரையோரன்

அம்பா ஒத்துக்கிறேன். ஆனா விசைப்படகுப் பிள்ளைகளுக்கு அம்பா தெரியுமா? விஞ்சு மெஷின் வந்த பிறகு யாரு பாடி வலை இழுக்கிறா?

மே 21, காலை 8.00 · சோழகம்

தெரியாதுதான். பழகுறதுக்கு ஒரு மாலை போதும். பதிலை மட்டும் கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுங்க. முதல் இரண்டு சுற்று முன்பாட்டே இல்லாம, பதிலை மட்டும் கைதட்டோட. பிறகு முன்பாட்டு நுழையணும்.

மே 22, இரவு 8.35 · லயத்துப் பேத்தி

மலைநாட்டுப் பகுதிக்கு என்ன திட்டம்? எல்லை என்றால் கடலில் உள்ள கோடு மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்தக் கரை வழியாகத்தான் இலங்கைத் தோட்ட வேலைக்கு ஆட்கள் போனார்கள். முதலில் தொண்டி, தேவிபட்டினம் போன்ற துறைகளில் இருந்து தோணியில் மன்னார்ப் பக்கம், அங்கிருந்து காட்டு வழி நடை, மாத்தளை, கண்டி. நடந்த வழியிலேயே காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். 1914-க்குப் பிறகு பாம்பன் பாலம், தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல். மண்டபம் முகாம் அப்போது கூலியாட்களை நிறுத்தி வைத்து நோய் பார்த்து அனுப்பிய இடம். பின்னாளில் அதே முகாம் தாயகம் திரும்பியோருக்கு, 1983-க்குப் பிறகு அகதிகளுக்கு. ஒரே வாசல், மூன்று தலைமுறை. இந்த ஒரு முகாமை வைத்தே ஒரு பாட்டு எழுதலாம்.

மெட்டுக்கு தெம்மாங்கு. கொழுந்து பறிக்கும்போது கங்காணியை ஏசிப் பாடியது அதில்தான். துரைக்குத் தமிழ் புரியாது, கங்காணிக்குப் புரியும், ஆனால் யார் பாடினார்கள் என்று பிடிக்க முடியாது.

மே 22, இரவு 9.50 · கரையோரன்

அக்கா, 1964-ல ஒப்பந்தம் போட்டு அஞ்சேகால் லட்சம் பேரைத் துரத்தினாங்க, கச்சத்தீவையும் கொடுத்தாங்கன்னு ஒரு சரணம் வெச்சிருக்கேன்.

மே 22, இரவு 10.30 · லயத்துப் பேத்தி

மூன்று ஒப்பந்தங்களை ஒரே குழம்பில் போட்டிருக்கிறீர்கள். பிரித்து எழுதுகிறேன்.

1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டத்து ஆட்கள் பற்றியது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டார்கள். 5,25,000 தாளில் இருந்த எண், அத்தனை பேரும் கப்பல் ஏறவில்லை. "துரத்தினார்கள்" என்று எண்ணோடு பாடினால் யாராவது எழுந்து கேட்பார்கள்.

1974 ஜனவரி. அந்த 1,50,000 பேரை ஆளுக்கு 75,000 என்று பங்கு போட்டது.

1974 ஜூன். பாக் நீரிணையில் கோடு. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது.

ஆக 74-இல் இரண்டு: ஜனவரியில் ஆட்கள், ஜூனில் தீவு. இதையே ஒரு அடியாக வைக்கலாம்.

ஆரம்பத்தை 1948-இல் வையுங்கள். இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்கள் நாடற்றவர்கள் ஆனது அந்த ஆண்டு. அது இல்லாமல் 64 புரியாது.

மே 23, காலை 6.15 · சோழகம்

அக்கா சொன்னதுக்கு ஒட்டு. 64 அக்டோபர் கடைசியில ஒப்பந்தம். டிசம்பர் 22 ராத்திரி புயல், தனுஷ்கோடி துறையே போச்சு. இரண்டு மாசம்கூட ஆகலை. திரும்பி வந்தவங்க அதனாலதான் ராமேஸ்வரத்துல இறங்கினாங்க. தனுஷ்கோடியில இறங்கினதா பாட்டு எழுதுறவங்க கவனிக்க.

இன்னொன்னு, 74-ல மீன்பிடி உரிமை போச்சுன்னு எல்லா மேடையிலும் முழங்குறோம். 74 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல கச்சத்தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணம் வேண்டாம்னு சொல்லுது. மீன் பிடிக்கிறதைப் பற்றி வெளிப்படையா அதுல இல்லை. ஒருவர் கடலில் மற்றவர் அனுமதி இல்லாம மீன் பிடிக்கக்கூடாதுன்னு எழுத்துல வந்தது 1976 மார்ச்சில, மன்னார் வளைகுடாவுக்குக் கோடு போட்டப்ப பரிமாறின கடிதத்துல. பாட்டுல 74 எதுகைக்கு நல்லா இருக்கலாம். எதிர்க் கட்சிக்காரன் 76-ஐத் தூக்கிட்டு வருவான்.

மே 23, காலை 9.30 · தப்படி

"எழுபத்தாறு" எதுகைக்கு "இழுத்த ஆறு" வெச்சுக்கங்க. ராமநாதபுரம் ஜில்லாவுல ஆத்துலதான் தண்ணி கிடையாது.

மே 25, மாலை 5.40 · ஆர்மோனியம்

சுருதி பற்றி யாரும் பேசக் காணோம். ஆண் குரலுக்கு ஒண்ணு, ஒன்றரைக் கட்டை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. இரண்டும் கலந்த கூட்டத்துக்கு எதை வைக்கிறது? நடுவுல மூணு, மூன்றரை வைக்கலாம்னு பார்க்கிறேன்.

மே 25, மாலை 6.05 · லயத்துப் பேத்தி

மூன்றரைக் கட்டை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது.

சுருதியைவிட மெட்டின் அகலம் முக்கியம். பதில் அடி நாலைந்து சுரத்துக்குள் முடிய வேண்டும். மேல் சட்ஜம் தொடும் மெட்டில் முதல் வரிசை கத்தும், பின்வரிசை வாயை மூடிக்கொள்ளும். முன்பாட்டு பெண் குரலாக இருக்கட்டும். கூட்டத்தில் ஆண்கள் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்வார்கள்.

மே 25, இரவு 7.30 · ஆர்மோனியம்

ஐந்து கட்டையில் பெண் முன்பாட்டு. முடிஞ்சது. ஆர்மோனியத்தை முன்பாட்டுக்கு மட்டும் வாசிப்பேன். பதிலுக்குத் தப்பு மேளம் போதும்.

மே 26, காலை 7.00 · தப்படி

தப்பு பற்றி எழுத இதுதான் நேரம். கடற்கரையில தப்பு அடிக்கிறது வேற கதை. உப்புக்காத்துல தோல் ஈரம் வாங்கும், கால் மணி அரை மணியில தொய்ஞ்சு "பொத் பொத்"னு கேக்கும். தீ மூட்டிக் காய்ச்சணும். கரையில வைக்கோல் தேட வேண்டாம், காய்ஞ்ச பனையோலை போதும். ஆனா அது குப்புனு பிடிக்கும், அதனால தள்ளி நின்னு தப்பைச் சுத்திக்கிட்டே காட்டணும். ஒரே இடத்துல காட்டினா அங்க மட்டும் இறுகி, கட்டை ஓரத்துல தோல் கிழியும். விரலால சுண்டினா "டிண்"னு வந்தா நிறுத்திடணும். இன்னும் கொஞ்சம்னு ஆசைப்பட்டவன் தப்புதான் முதல்ல கிழியும்.

ரெண்டு தப்பு மேடையில, ரெண்டு தீப்பக்கம், மாத்தி மாத்தி. பிளாஸ்டிக் தோல் போட்டதுக்கு இந்த வேலை இல்லை, காத்துலயும் அசையாது. ஆனா சத்தம் தகரம். வெட்டவெளியில ஒண்ணு பிளாஸ்டிக், மத்தது தோல் வெச்சா இரண்டு குறையும் மறையும். அடிக்குச்சி பூவரசு, சிண்டுக்குச்சி மூங்கில். சிண்டுக்குச்சி மட்டும் கூட நாலு சீவி வைங்க, மேடையில உடையுறது அதுதான்.

தோட்டத்துல ஆளை வேலைக்குக் கூப்பிட விடியக்காலம் அடிச்சது பெரட்டுத் தப்பு. அதே அடியை நிகழ்ச்சித் தொடக்கத்துல வைக்கலாம்னு தோணுது. பேத்தி அக்கா என்ன சொல்றீங்க?

மே 26, பிற்பகல் 1.20 · லயத்துப் பேத்தி

வையுங்கள், ஆனால் விளக்கம் சொல்லிவிட்டு வையுங்கள். அது முதலாளியின் அடி. அதே தப்பு காமன் கூத்தில் மக்களுடைய அடி. பெரட்டில் தொடங்கி காமன் கூத்து அடிக்கு மாறினால் ஒரு வார்த்தை பாடாமலே பாதி சொல்லியாகிவிடும்.

இதற்கு முன்னோடி உண்டு. இலங்கைத் தோட்டங்களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆள் சேர்த்தார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, அன்றைய பிரச்சினை. 1939-இல் அங்கே அரசு வேலையில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை வெளியேற்றத் தொடங்கிய காலம். படிக்காத கூட்டத்துக்குத் துண்டறிக்கையைவிட மெட்டுதான் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மே 27, காலை 10.10 · கரையோரன்

தெரிஞ்ச மெட்டுன்னா சினிமா மெட்டுல போட்டுடலாமா? பசங்க அதைத்தான் கேக்குறாங்க.

மே 27, காலை 10.45 · ஆர்மோனியம்

மேடையில் பாடிவிட்டுப் போவதென்றால் கூட்டம் உடனே பிடிச்சுக்கும். யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரல் வரும், வருமானமும் போகும், சில சமயம் காணொளியே போகும். அதைவிடப் பெரிய சங்கடம், பாட்டு நடக்கும்போது கூட்டத்தின் வாயில் பழைய சினிமா வரிதான் ஓடும். உங்க வரி காதில் ஏறாது.

மே 29, இரவு 11.15 · பேசாலைக்காரன் (மன்னார்)

ஒரு கிழமையா வாசிக்கிறன். நல்ல பாட்டு, நல்ல அம்பா. அம்பா எங்கட கரையிலயும் இருக்கு. "ஆளை விடு, படகை விடு" எண்டு பாடுறியள், அதுவும் நியாயம்தான். எங்கட வலையள ஆர் திருப்பித் தாறது? இரவில உங்கட படகு இழுவைமடி வலையோட வந்து போனால் விடிய எங்கட வலை இல்ல. வலை வாங்கின கடன் மட்டும் இருக்கும். யுத்தம் முடிஞ்சு திரும்பவும் கடலுக்கு இறங்கின சனம் இது. உங்கட பாட்டில நாங்கள் "அண்ணன் அங்கே" எண்டு ஒரு வரியில வாறம், பிறகு காணாமல் போறம்.

மே 30, காலை 5.50 · சோழகம்

இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான். எல்லைப் பாட்டுன்னு சொல்லிட்டு கடற்படையை மட்டும் ஏசிட்டு இறங்கினா அது பாதிப் பாட்டு. இலங்கையில 2017-ல இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை பண்ணிட்டாங்க, அவங்க நாட்டு ஆளுக்கும் சேர்த்து. 2018-ல வெளிநாட்டுப் படகுக்கு அபராதத்தையும் ஏத்தினாங்க. அந்தப் பக்கம் வலை அறுந்தவனும் தமிழன், இந்தப் பக்கம் சிறைக்குப் போறவன் பெரும்பாலும் படகு முதலாளி இல்லை, கூலி ஆள். இதைப் பாட்டுல வைக்க முடியும்:

அறுந்த வலைக்கு யாரு பொறுப்பு — கணக்கச் சொல்லு
அனுப்பின முதலாளி எங்க போனான் — கணக்கச் சொல்லு

மே 30, காலை 7.10 · தப்படி

பந்தல் செலவு யாரு தர்றான்னு யோசிச்சீங்களா? அந்த இரண்டாவது அடி மேடை ஏறாது.

மே 30, காலை 7.45 · சோழகம்

நாட்டுப்படகுச் சங்கத்துக்காரங்க பாடட்டும். ராமேஸ்வரத்துல விசைப்படகு திங்கள், புதன், சனி போகுது, மிச்ச நாள் நாட்டுப்படகு. இழுவைமடியால இந்தப் பக்கமே வலை போனவங்க அவங்க, இதைப் பாட அவங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். விசைப்படகுக்காரங்களுக்கும் ஒரு அடி உண்டு: 2017-ல ஆழ்கடல் திட்டம் வந்தப்ப 2,000 இழுவைப் படகை மாத்துறதா அறிவிச்சாங்க, படகு ஒண்ணுக்கு 80 லட்ச ரூபாய், மானியம் போக மிச்சம் கைக்காசும் கடனும். அந்தக் கடனைக் கேள்வியா வைங்க. டெல்லிக்கு முகவரி போட்ட பாட்டு அதுதான்.

மே 30, இரவு 10.40 · பேசாலைக்காரன்

முதல் வரி போதும், தம்பி. முதலாளி வரிய நீங்களே சண்டை பிடிச்சு முடிவெடுங்கோ. "கணக்கச் சொல்லு" எண்ட பதிலை இங்கயும் பாடலாம், ஒரு சொல் மாத்தத் தேவையில்ல.

ஜூன் 1, மாலை 6.20 · கரையோரன்

முகாம் பிள்ளைகள் நாலு பேர் பாட ஆசைப்படுறாங்க. மண்டபத்துல இருந்து. சேர்த்துக்கலாம்தானே?

ஜூன் 1, மாலை 6.55 · லயத்துப் பேத்தி

யோசித்துச் செய்யுங்கள். பெயர்ப் பலகை 2021-இல் "மறுவாழ்வு முகாம்" என்று மாறினாலும் ஆள் கணக்கெடுப்பு மாறவில்லை, கியூ பிரிவு உளவுப் போலீசின் பார்வையும் மாறவில்லை. உங்கள் ஊர்ப் பையன் கோரிக்கை பாடினால் அதிகபட்சம் ஒரு வழக்கு. முகாம் பிள்ளை பாடினால் வெளியே வேலைக்குப் போக அனுமதி கேட்கும்போது அது திரும்பி வரலாம். முன்பாட்டு அவர்களுக்கு வேண்டாம். தப்பு, ஆர்மோனியம், குழுவோடு பதில். அவர்களுடைய வரியை ஊர்க்காரர் வாயில் வையுங்கள். முகமும் பெயரும் காணொளியில் வேண்டாம். ஆசை எவ்வளவு இருந்தாலும்.

வரியில் உதவித்தொகை எண் வைக்காதீர்கள். குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய் என்று எழுதிய பாட்டெல்லாம் 2021-இல் 1,500 ஆனதும் பழசாகிவிட்டது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை வைக்கலாம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் அதில் இருக்கின்றன, இலங்கை இல்லை. மூன்று பெயரைச் சொல்லி நிறுத்துங்கள். நாலாவதைக் கூட்டமே கேட்கும்.

ஜூன் 1, இரவு 8.10 · தப்படி

தீடையை விட்டுடாதீங்க. 2022 மார்ச்சுல இலங்கையில அரிசி, பால்மா வாங்க முடியாம வந்தவங்களைத் தனுஷ்கோடி தாண்டி மணல் தீடையில இறக்கிவிட்டுட்டுப் படகு திரும்பிடுச்சு. சுத்திலும் தண்ணி, நிழல் கிடையாது, பிள்ளை குட்டியோட ரோந்துப் படகு வர்ற வரைக்கும் நிக்கணும். அது எந்த நாட்டு மணல்னு அதுல நிக்கிறவங்களுக்குத் தெரியாது. இதை முகவரியோட எழுதுங்க, "ஐயோ பாவம்" வேண்டாம்.

ஜூன் 4, காலை 8.30 · ஆர்மோனியம்

ஒலிபெருக்கி. ஜூனில் கச்சான் பலமா அடிக்கும். குழாயைக் காத்துக்கு எதிரே திருப்பினா சத்தம் மேல தூக்கிட்டுப் போயிடும், அம்பது அடியில ஒண்ணும் கேக்காது. காத்து மேடைக்குப் பின்னால இருந்து கூட்டத்துப் பக்கம் போகணும். அதாவது மேடை தென்மேற்கு மூலை, கூட்டம் வடகிழக்கு. கடல் இரைச்சலுக்குக் கனத்த சத்தம் எடுபடாது. மிக்சர்ல அடிச்சத்தத்தைக் குறைச்சு நடுவை ஏத்துங்க. பாட்டுக்குக் கூம்புக் குழாயே நல்லது, பெரிய பெட்டி வாடகை தண்டம். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். இல்லைன்னா காத்துதான் பாடும். நிகழ்ச்சி முடிஞ்ச ராத்திரியே வயர் முனையை உப்புப் போகத் துடைக்கணும்.

காவல் நிலைய அனுமதியில பாட்டு நேரம் எழுதும்போது இரவு 10 மணிக்கு முன்னாடி முடியுறதா எழுதுங்க. பத்துக்கு மேல ஒலிபெருக்கி கிடையாது, 2000-ஆம் ஆண்டு விதி. போராட்டப் பாட்டை நிறுத்த வர்றவங்களுக்கு வரியைப் பிடிக்கிறதைவிட நேரத்தைப் பிடிக்கிறது சுலபம்.

ஜூன் 7, இரவு 9.00 · கரையோரன்

வரிசை இப்போதைக்கு: பெரட்டு அடி, காமன் கூத்து அடி, தோணி நடைத் தெம்மாங்கு, ஒப்பந்தப் பாட்டு (48, 64, 74 இரண்டு, 76), தீடைப் பாட்டு, கடைசியா அம்பா. ஒப்பாரி அச்சு ஒப்பந்தப் பாட்டுக்குள்ள போயிடுச்சு, ஈரடிக்கு ஒரு ஆண்டு மாறும். முதலாளி அடி நாட்டுப்படகுக்காரங்க குழுவுக்கு. பந்தலுக்கு வேற ஆள் பார்த்தாச்சு. தேதி ஜூன் 14 இரவு.

ஜூன் 7, இரவு 9.20 · சோழகம்

14 ராத்திரி வேண்டாம். தடை முடியுற ராத்திரி. ஐஸ் ஏத்தி, டீசல் பிடிச்சு, கடலுக்குப் போற டோக்கனுக்கு அலைவான் ஒவ்வொருத்தனும். ஜெட்டியில என்ஜின் சத்தத்துல உங்க கூம்புக் குழாய் என்ன பண்ணும்? 11 இல்லைன்னா 12 வைங்க.

ஜூன் 7, இரவு 9.32 · தப்படி

12. தோல் தப்பு ரெண்டும் என்கிட்ட இருக்கு. பனையோலை நீங்க கொண்டாங்க.